நைட்ரஜன் கணக்கு: எலும்பு சூப் முதல் புரோட்டீன் ஷேக் வரை

"என்னத்தைத் தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று பாட்டிகள் சொல்வார்கள். "ஒரு வேளைக்கு முப்பது கிராமுக்கு மேல புரோட்டீன் ஒட்டாது தம்பி" என்று ஜிம் மாஸ்டர் சொல்வார். வார்த்தை ஒன்றுதான், கவலையும் ஒன்றுதான். உள்ளே போனதில் எவ்வளவு உடம்போடு தங்குகிறது? மீதி எங்கே போகிறது? கொடுத்த காசுக்கு எவ்வளவு தேறும்?

இந்தக் கேள்விக்கு இருநூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. இதற்குப் பதில் தேடியவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள் கூட இல்லை, கணக்குப் பார்த்தவர்கள். உடம்பை ஒரு கடையாக நினைத்து, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று பேரேடு எழுதியவர்கள். அந்தப் பேரேட்டில் ரூபாய்க்குப் பதில் நைட்ரஜன். மாவுச்சத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் கிடையாது, புரதத்தில் மட்டும் உண்டு. அதனால் நைட்ரஜனை எண்ணினால் புரதத்தை எண்ணியது போலத்தான் என்று நினைத்தார்கள். வணிகவியல் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. விதிப்பிழை உள்ளேயே ஒளிந்திருக்கும், கூட்டுத்தொகை மட்டும் அழகாக டேலி ஆகும். புரோட்டீன் கணக்கின் கதையும் அதுதான். என்ன, இதில் பிழையின் விலையைச் சில சமயம் உயிராகக் கொடுக்க வேண்டியிருந்தது.

கதை பாரிஸில் தொடங்குகிறது. அதற்கும் முன்னால் 1679ல் டெனிஸ் பாபின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஒரு பாத்திரம் செய்தார். இறுக மூடிய பாத்திரத்தில் நீராவி அழுத்தத்தில் வேகவைத்தால் எலும்பு கூடக் குழைந்துவிடும். (நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் கொள்ளுத்தாத்தா இவர்தான்.) எலும்பிலிருந்து வருவது ஜெலட்டின். ஜெல்லியாக உறையுமே, அது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பஞ்சமும் பசியுமாகக் கிடந்த பாரிஸில் சில வேதியியல் அறிஞர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதமாகத் தெரிந்தது. கசாப்புக் கடையில் தூக்கி எறியும் எலும்பிலிருந்து ஏழைகளுக்குச் சாப்பாடு! ஜெலட்டினில் நைட்ரஜன் ஏராளம், இறைச்சியிலும் நைட்ரஜன், ஆகவே இரண்டும் ஒன்று. டார்ஸே என்ற வேதியியலாளர் இதில் முன்னணியில் நின்றார். மருத்துவமனைகளில் பாத்திரங்கள் நிறுவப்பட்டு, நோயாளிகளுக்கு எலும்பு ஜெலட்டின் சூப் ஊற்றப்பட்டது.

குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். வாடை என்றார்கள், வயிறு கெடுகிறது என்றார்கள். தர்மச் சாப்பாடு சாப்பிடுகிறவன் ருசி பேசினால் யார் கேட்பது? ஆனாலும் முணுமுணுப்பு அடங்காததால் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு கமிஷன் வைத்தது. அதன் தலைவர் பிரான்சுவா மஜான்டி.

இந்த மஜான்டி 1816லேயே ஒரு சோதனை செய்தவர். ஒரு நாய்க்குச் சர்க்கரையும் வடித்த தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பார்த்தார். முதல் வாரம் நாய் உற்சாகமாக இருந்தது, பிறகு மெலிந்தது, கண்ணில் புண் வந்தது, 32ஆம் நாள் செத்தது. ஆலிவ் எண்ணெய், கோந்து, வெண்ணெய் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. நைட்ரஜன் இல்லாத சாப்பாட்டில் உயிர் தங்காது என்பதற்கு அதுதான் முதல் உறுதியான சாட்சி. (அந்த நாய்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. மஜான்டியின் கொடுமையைப் பற்றி இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை பேச்சு எழுந்தது.)

ஜெலட்டின் கமிஷன் பத்து வருடம் இழுத்தது. கமிஷன் என்றாலே எந்த நாட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது. 1841ல் அறிக்கை வந்தது. ஜெலட்டின் மட்டும் தின்ற நாய்கள் பிழைக்கவில்லை. சில நாட்களுக்குப் பிறகு பசியோடு கிடந்தாலும் அதைத் தொடவே மறுத்தன. விசித்திரம் என்னவென்றால், பச்சை எலும்பை அப்படியே தின்ற நாய்கள் நன்றாகவே இருந்தன. எலும்பில் இருந்த ஏதோ ஒன்று ஜெலட்டினில் இல்லை. அது என்னவென்று சொல்ல அன்றைய வேதியியலுக்குத் தெரியவில்லை. ஆனால் மருத்துவமனை வார்டில் முகம் சுளித்த ஏழைகள் சொன்னது சரி, நைட்ரஜனை எண்ணிய அறிஞர்கள் சொன்னது தப்பு என்பது மட்டும் நிரூபணமாகிவிட்டது.

இந்த இடைவெளியில்தான் புரோட்டீன் என்ற பெயரே பிறந்தது. 1838ல் டச்சு வேதியியலாளர் முல்டர் பயன்படுத்தினார். பெயரை யோசித்துக் கொடுத்தவர் சுவீடனின் பெர்சீலியஸ். கிரேக்கத்தில் 'முதலிடம்' என்று பொருள் வரும் சொல்லிலிருந்து எடுத்தது. பெயரிலேயே முதலிடம் கொடுத்துவிட்டதால், அடுத்த நூறு வருடம் அதை அந்த நாற்காலியிலிருந்து யாராலும் இறக்க முடியவில்லை.

முதல் ஒழுங்கான பேரேட்டை எழுதியவர் பூசிங்கோ. அல்சாஸ் பகுதியில் பெசெல்பிரான் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தவர். 1839ல் ஒரு கறவை மாட்டையும் ஒரு குதிரையையும் எடுத்துக்கொண்டு, தின்ற தீவனம் எல்லாவற்றையும் எடை போட்டார். வெளியே வந்த சாணம், மூத்திரம், பால் எல்லாவற்றையும் சேகரித்து எடை போட்டார். எல்லாவற்றிலும் நைட்ரஜன் எவ்வளவு என்று கணக்கிட்டார். மிருகங்கள் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றனவா என்பதுதான் அவர் கேள்வி. இல்லை என்பது விடை. கேள்வி பழசாகிப் போனாலும் அவர் கண்டுபிடித்த முறை நிலைத்துவிட்டது. இன்று எந்தப் புரத ஆராய்ச்சியைப் புரட்டினாலும் 'நைட்ரஜன் சமநிலை' என்று ஒரு சொல் வரும். வரவு அதிகமானால் உடம்பு வளர்கிறது, செலவு அதிகமானால் தேய்கிறது. தன் மாட்டுத் தொழுவத்தில் அவர் போட்ட ஐந்தொகைதான் அது.

அடுத்து வந்தவர் ஜெர்மனியின் லீபிக். பெரிய மேதை, ஆனால் பெரிய வாய். தசை வேலை செய்யும்போது புரதம்தான் எரிகிறது என்று 1842ல் எழுதினார். அப்படியானால் உழைக்கிறவன் இறைச்சி தின்றே ஆக வேண்டும். இந்தக் கருத்தை 1865ல் இரண்டு பேர் மலையேறியே உடைத்தார்கள். சூரிச்சில் பேராசிரியர்களாக இருந்த ஃபிக், விஸ்லிசேனஸ் இருவரும் முந்தைய நாள் நண்பகலிலிருந்தே புரதமே இல்லாத மாவுப் பணியாரமும் கொழுப்பும் சர்க்கரையும் மட்டும் தின்றுவிட்டு, ஆல்ப்ஸில் ஃபால்ஹார்ன் என்ற மலையில் 1,956 மீட்டர் ஏறினார்கள். மூத்திரத்தைப் பாட்டிலில் பிடித்து நைட்ரஜனை அளந்தார்கள். எரிந்த புரதம் அந்த ஏற்றத்துக்குப் போதவே போதாது. மாவும் கொழுப்பும்தான் அவர்களை மேலே ஏற்றியிருக்கின்றன.

லீபிக்கின் தத்துவம் அடி வாங்கிய அதே வருடம் அவர் பெயரில் ஒரு கம்பெனி லண்டனில் பதிவானது. தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டின் ஃப்ரே பென்டோஸ் என்ற ஊரில் தொழிற்சாலை. தோலுக்காக மாட்டை அடித்துவிட்டு இறைச்சியை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த ஊர் அது. முப்பது கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சியைக் காய்ச்சி ஒரு கிலோ கறுப்புக் குழம்பாக்கி, ஜாடியில் அடைத்து, 'லீபிக் இறைச்சிச் சாறு' என்று உலகம் முழுக்க விற்றார்கள். நோயாளிக்குப் பலம், சிப்பாய்க்குப் பலம் என்று விளம்பரம். உண்மையில் புரதம் முழுவதும் சக்கையில் தங்கிவிட, ஜாடியில் போனது உப்பும் ருசியும்தான். சில வருடங்களில் மற்ற வேதியியலாளர்கள் இதைப் போட்டு உடைத்தார்கள். கம்பெனி அசரவில்லை. பலம் என்ற பேச்சை மெதுவாகக் குறைத்து ருசி என்ற பேச்சைக் கூட்டியது. பின்னாளில் ஆக்ஸோ என்ற பெயரில் பிரபலமானதும் இதே சரக்கின் வாரிசுதான். சத்து டப்பா வியாபாரத்தின் முழுப் பாடமும் இந்த ஒரு கம்பெனியில் இருக்கிறது என்றால் மிகை இல்லை.

1883ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் கெல்டால் என்பவர் நைட்ரஜனை அளக்க எளிமையான, மலிவான முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். பொருளை அமிலத்தில் கொதிக்க வைத்து, நைட்ரஜனை அமோனியாவாக்கிப் பிடித்து அளப்பது. புரதத்தில் சராசரியாக 16 சதவிகிதம் நைட்ரஜன். எனவே நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம். இந்த 6.25ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வரும்.

முறை மலிவானதும் ஆளாளுக்கு அளக்க ஆரம்பித்தார்கள். மியூனிக்கின் ஃபொயிட் ஒரு உழைப்பாளிக்குத் தினம் 118 கிராம் புரதம் என்றார். எப்படி வந்தது அந்த எண்? ஜெர்மன் உழைப்பாளிகள் எவ்வளவு தின்கிறார்கள் என்று பார்த்தார், அதையே தேவை என்று எழுதிவிட்டார். அமெரிக்காவின் அட்வாட்டர் அதை 125 ஆக்கினார். ஆனால் அட்வாட்டர் உருப்படியான இன்னொரு வேலையும் செய்தார். ஒவ்வொரு உணவின் புரதமும் எத்தனை சதவிகிதம் செரிக்கிறது என்று, தின்றதிலிருந்து மலத்தில் போனதைக் கழித்துப் பட்டியல் போட்டார். இறைச்சி, முட்டை, பால் 97. தானியம் 85. பருப்பு 78. ஏல் பல்கலைக்கழகத்தின் சிட்டன்டன் 1904ல், சிப்பாய்களையும் விளையாட்டு வீரர்களையும் தன்னையும் சேர்த்து மாதக் கணக்கில் சோதித்து, ஃபொயிட் சொன்னதில் பாதியே போதும் என்றார். வீரர்கள் பலம் குறையவில்லை. ஆனால் அவர் பேச்சு அவ்வளவாக எடுபடவில்லை. குறைவாகத் தின்னச் சொன்னால் யாருக்கு லாபம்?

இந்தக் கணக்கு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த டேவிட் மெக்கே, வங்காளச் சிறைக் கைதிகளின் சாப்பாட்டையும் மலத்தையும் அளந்தார். அரிசியை மலை போலக் கொட்டினால் அந்தப் பருமனே புரதம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது, அரிசியைக் கொஞ்சம் குறைத்தால் உறிஞ்சுவது கூடுகிறது என்று கண்டார். அது நல்ல கவனிப்புதான். ஆனால் 1912ல் வந்த அவர் புத்தகம் அதோடு நிற்கவில்லை. இந்தியாவின் இனங்களை அவர்கள் தின்னும் புரத அளவை வைத்து வரிசைப்படுத்தி, வீரமும் ஆண்மையும் அதன்படிதான் என்று எழுதினார். சிறைக்குள் கிடந்தவன் மலத்திலிருந்து சாம்ராஜ்யத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது! அளவை சரி, அதற்கு மேல் கட்டிய மாடிதான் கோணல்.

ஜெலட்டினில் என்ன இல்லை என்ற பழைய புதிருக்கு விடை இதே காலத்தில்தான் கிடைத்தது. புரதம் என்பது ஒரே பொருள் இல்லை, இருபது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அதில் சிலவற்றை உடம்பே செய்துகொள்ளும், சிலவற்றை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். 1901ல் கேம்பிரிட்ஜின் ஹாப்கின்ஸ் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். மக்காச்சோளத்தின் ஸீன் என்ற புரதத்தில் அது கிடையாது. 1906ல் ஸீனை மட்டும் தந்த சுண்டெலிகள் சீக்கிரம் செத்தன, டிரிப்டோஃபேனைச் சேர்த்துக் கொடுத்தவை கூடுதல் நாள் வாழ்ந்தன. ஜெலட்டினிலும் டிரிப்டோஃபேன் கிடையாது. மஜான்டியின் நாய்கள் எதனால் செத்தன என்று தெரிய அறுபத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது.

இங்கேதான் 'செரிப்பது' வேறு, 'ஒட்டுவது' வேறு என்று பிரிகிறது. ஜெலட்டின் அருமையாகச் செரிக்கும். குடலில் ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சப்படும். ஆனால் உடம்பு தன் மாலையைக் கோக்க உட்காரும்போது ஒரு மணி குறைகிறது. மாலை பாதியில் நிற்கும். மிச்ச மணிகளை உடம்பு பத்திரப்படுத்தி வைக்க முடியாது, எரித்துவிட்டு நைட்ரஜனை மூத்திரத்தில் அனுப்பிவிடும். கடைக்குள் சரக்கு வந்தது உண்மை, விற்பனைக்கு ஆகவில்லை. 1909ல் பெர்லினில் கார்ல் தாமஸ் தன் உடம்பிலேயே இதை அளந்தார். பால், இறைச்சியின் நைட்ரஜனில் கிட்டத்தட்ட முழுவதும் தங்கியது, கோதுமை மாவுடையதில் சுமார் நாற்பது சதவிகிதம்தான். இதற்கு 'உயிரியல் மதிப்பு' என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் புரோட்டீன் விளம்பரங்களில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

உடம்புக்கு வெளியிலிருந்து வாங்கியே தீர வேண்டிய மணிகள் எத்தனை? இதற்குப் பதில் சொன்னவர்கள் மாணவர்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரோஸ், அறிந்திருந்த 19 அமினோ அமிலங்களையும் கலந்து எலிக்குக் கொடுத்தும் எலி வளரவில்லை என்று கண்டு, தேடித் தேடி 1935ல் கடைசி மணியான திரியோனினைக் கண்டுபிடித்தார். அடுத்து மனிதன். 1942லிருந்து ஆராய்ச்சி மாணவர்களையே சோதனைக்கு உட்கார வைத்தார். மாவு, சர்க்கரை, வெண்ணெய்க் கொழுப்பு, எண்ணெய் சேர்த்துச் சுட்ட வேஃபர். விட்டமின்கள். கூடவே சுத்தமான அமினோ அமிலங்களைத் தண்ணீரில் கலந்த ஒரு பானம். உலகத்தின் முதல் புரோட்டீன் ஷேக் என்று இதைச் சொன்னால் தப்பில்லை. ருசியைப் பற்றி நல்லதாக எதுவும் கேள்விப்பட முடியாது. தினம் தினம் அதையே குடித்து, மூத்திரத்தையும் மலத்தையும் ஒப்படைக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் ஏதாவது ஒரு அமினோ அமிலத்தை எடுத்துவிடுவார் ரோஸ். சில நாளிலேயே நைட்ரஜன் கணக்கு நஷ்டத்தில் விழும். பையன்களுக்குப் பசி போகும், அசதி வரும், எரிந்து எரிந்து விழுவார்கள். திரும்பச் சேர்த்ததும் சரியாகிவிடும். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து எட்டு அமினோ அமிலங்கள் அத்தியாவசியம் என்று நிறுவினார். (ஒன்பதாவதான ஹிஸ்டிடின் அவர் கணக்கில் தப்பிவிட்டது, பிற்பாடுதான் சேர்ந்தது.) இன்னொன்றும் கவனித்தார். சாதாரணப் புரத உணவை விட இந்தச் சுத்தப் பானத்தில் சமநிலைக்கு வர அதிகக் கலோரி தேவைப்பட்டது. சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தால் நன்றாக ஒட்டும் என்பது அன்றே அவ்வளவு நிச்சயமாக இல்லை.

ஷேக் வியாபாரமும் கிட்டத்தட்ட இதே சமயம் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் யார்க் நகரில், அமெரிக்க ஒலிம்பிக் பளுதூக்கும் அணியின் பயிற்சியாளர் பாப் ஹாஃப்மன் சோயா மாவில் ஒரு பொடி செய்து தன் பத்திரிகையிலேயே விளம்பரம் செய்து விற்றார். பெரிய தொட்டியில் சாக்லேட் பொடியைக் கொட்டிப் படகுத் துடுப்பால் கிண்டினார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு வந்தது மோர் போன்ற ஒரு கழிவு. பாலாடைக்கட்டி செய்யும்போது மிஞ்சும் தெளிந்த நீரைத்தான் 'வே' என்கிறார்கள். ஆற்றிலும் வயலிலும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் கொட்டினால் மீன் சாகிறது என்று சட்டம் இறுகியதும், 1970களில் நுண்சவ்வு வடிகட்டிகள் வந்ததும் ஒன்றாகச் சேர, கழிவு சரக்காக மாறியது. தென் அமெரிக்காவின் மிச்ச மாட்டிறைச்சி லீபிக் ஜாடிக்குள் போன கதையேதான். ஒரு வித்தியாசம், வே உண்மையிலேயே நல்ல புரதம்.

இதற்கிடையில் ஏழை நாடுகளின் கதை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய கானாவில் மருத்துவராக இருந்த சிசிலி வில்லியம்ஸ் 1933ல் ஒரு குழந்தை நோயை விவரித்தார். உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி... உள்ளூர்க் கா மொழியில் அதன் பெயர் குவாஷியார்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழக்கும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். புரதக் குறைவு காரணமாக இருக்கலாம் என்றார். போதாதா? முதலிட நாற்காலி மறுபடி தூசி தட்டப்பட்டது. உலகத்தின் பட்டினியே புரதப் பட்டினிதான் என்று ஐக்கிய நாடுகள் சபையே 1968ல் 'புரத நெருக்கடி' பற்றி அறிக்கை விட்டது. மீன் மாவு, பருத்திக்கொட்டை மாவு, எண்ணெயில் வளர்த்த ஈஸ்ட் என்று திட்டங்கள் பறந்தன.

இதை எதிர்த்துக் கேட்டவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். குன்னூரில் இருந்து 1958ல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்ற ஆய்வகத்தின் இயக்குநர். வீங்கிய குழந்தையின் சாப்பாட்டுக்கும் வற்றிய குழந்தையின் சாப்பாட்டுக்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுக்கும் வயிறு நிறையவில்லை என்பதுதான் பிரச்சினை என்றார். சொல்லிவிட்டு உட்காரவில்லை, செய்தும் காட்டினார். ஹைதராபாத்தை ஒட்டிய கிராமக் குழந்தைகளுக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் கலந்த பலகாரம். தினம் 310 கலோரி, புரதம் வெறும் 3 கிராம். பதினான்கு மாதத்தில் உயரமும் எடையும் மற்ற குழந்தைகளைத் தாண்டின. வீட்டுச் சோற்றிலும் பருப்பிலும் இருந்த புரதம் கலோரி போதாமல் அடுப்பு விறகாக எரிந்துகொண்டிருந்தது. விறகைத் தனியாகக் கொடுத்ததும் புரதம் தன் வேலையைப் பார்த்தது. இந்த முடிவு வெளியானது 1973ல். அதே வருடம் உலக அமைப்புகளும் புரதத் தேவையின் அளவைக் குறைத்தன. அடுத்த வருடம் 'மாபெரும் புரதத் தோல்வி' என்று மெக்லாரன் லான்செட்டில் எழுதினார். 1841 அறிக்கைக்குச் சமமாக வைத்துப் பேச வேண்டிய ஆராய்ச்சி இது. நம் பாடப் புத்தகங்களில் எங்கேயும் காணோம்.

மஜான்டியை மறந்ததற்கான தண்டனை 1977ல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்க டாக்டர் ராபர்ட் லின் 'கடைசி வாய்ப்பு டயட்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திரவப் புரோட்டீனை மட்டும் குடி, எடை இறங்கும். அந்தத் திரவம் எதில் செய்தது? கசாப்புக் கூடத்தின் தோல், குளம்பு, கொம்பு, தசைநார். அவற்றை நொதிகளால் முன்கூட்டியே செரிக்க வைத்து, செயற்கை ருசி சேர்த்தது. அதாவது ஜெலட்டினின் உடைந்த வடிவம்! 'ஏற்கெனவே செரித்தது, எளிதில் உறிஞ்சப்படும்' என்பதுதான் விற்பனைப் பேச்சு. உறிஞ்சப்பட்டது உண்மைதான். புத்தகமும் பாட்டிலும் லட்சக்கணக்கில் விற்றன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசுக்குத் தகவல் வந்தது. அவர்களில் கணிசமானவர்கள் வேறு நோய் இல்லாத நடுவயதுப் பெண்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள். தசை கரையும்போது இதயமும் தசைதான் என்பது பாட்டிலில் எழுதியிருக்கவில்லை. பாரிஸின் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்து நிறுத்தியதை நூற்றி முப்பத்தைந்து வருடம் கழித்துக் காசு கொடுத்து வாங்கிக் குடித்திருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் அளவுகோலே மாறியது. 1989ல் உலக உணவு அமைப்பும் சுகாதார அமைப்பும் கூடி, இரண்டு எண்களைப் பெருக்கும் முறைக்கு வந்தன. எவ்வளவு செரிக்கிறது, மிகக் குறைவாக இருக்கும் அத்தியாவசிய அமினோ அமிலம் தேவையில் எத்தனை பங்கு என்ற இரண்டும். இதன்படி முட்டையும் பாலும் 1, கோதுமைப் பசைப் புரதம் சுமார் 0.25, ஜெலட்டின் பூஜ்யம். ஒரு வழியாக பூஜ்யம்!

சரி, ஜிம் மாஸ்டரின் முப்பது கிராமுக்கு வருவோம். 1997ல் பிரான்சின் கிளெர்மான் ஃபெரானில் ஒரு நுட்பமான சோதனை நடந்தது. பசுக்களின் ரத்தத்தில் அடையாளமிட்ட லியூசினை ஏற்றி, கறந்த பாலிலிருந்து வேயையும் கேசினையும் பிரித்து, பதினாறு இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். வே சரசரவென்று ரத்தத்தில் ஏறிச் சீக்கிரம் இறங்கியது. கேசின் வயிற்றில் தயிர் போல உறைந்து ஏழு மணி நேரம் சொட்டுச் சொட்டாக வந்தது. விளம்பரக்காரர்கள் 'வே வேகமானது' என்ற பாதியை எடுத்துக்கொண்டார்கள். ஏழு மணி நேரக் கணக்கில் அதிகம் தங்கியது கேசின்தான் என்ற மறுபாதியை விட்டுவிட்டார்கள். பிறகு சுமார் 20 கிராமுக்கு மேல் தசை கட்டும் வேகம் கூடவில்லை என்று 2009ல் ஒரு ஆய்வு வந்தது. அது சில மணி நேரத் தசைக் கணக்கு. அதுவே வாய்க்கு வாய் மாறி 'முப்பதுக்கு மேல் உறிஞ்சாது' ஆகிவிட்டது. குடல் எவ்வளவு வந்தாலும் நிதானமாக உறிஞ்சிக்கொள்ளும். 2023ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 25 கிராமும் 100 கிராமும் கொடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் பார்த்தபோது, நூறு கிராமும் வீணாகவில்லை, நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு தசைக்குப் போனது. மதியம் ஒரே வேளை வயிறாரத் தின்று வாழ்ந்த மனித குலத்தின் குடலுக்கு மாலை ஆறு மணிக்கு 31ஆவது கிராமைத் திருப்பி அனுப்பத் தெரியாது.

அப்புறம் அந்த 6.25. கெல்டால் முறைக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தை 100 கிராம் சோதித்தால் 117 கிராம் 'புரோட்டீன்' என்று காட்டும். பிளாஸ்டிக் தொழிலின் மெலமைனை வைத்தால் 416! 2008ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைனைக் கலந்து சோதனையில் தேற வைத்தார்கள். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள், ஆறு பச்சைக் குழந்தைகள் இறந்தன. ஷேக் பொடிகளில் கிளைசினையும் டாரினையும் கலந்து கிராமைக் கூட்டிக் காட்டியதாக 2014ஐ ஒட்டி அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. இந்தியச் சந்தையின் 36 பொடிகளைச் சோதித்த ஒரு கேரள மருத்துவக் குழு, சுமார் எழுபது சதவிகிதத்தில் லேபிளும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று 2024ல் வெளியிட்டது. பேரேட்டில் போலி வவுச்சர் எழுத நைட்ரஜனைப் போல வசதியான கரன்சி வேறில்லை.

கடைசியாக ஒரு பிழை மட்டும் பாக்கி இருந்தது. அட்வாட்டர் காலத்திலிருந்து எல்லோரும் மலத்தைத்தான் அளந்தார்கள். ஆனால் அமினோ அமிலங்களை உடம்பு எடுத்துக்கொள்வது சிறுகுடலில். அதைத் தாண்டிப் பெருங்குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் மிச்சத்தைத் தின்று நைட்ரஜனை மாற்றிப் போடுகின்றன. அனாமத்துக் கணக்கில் போட்ட தொகையை எல்லாம் லாபத்தில் சேர்த்தது போல. எனவே 2013ல் உலக உணவு அமைப்பு சிறுகுடலின் முடிவிலேயே அளக்கச் சொன்னது. உயிரோடு இருக்கும் மனிதனின் சிறுகுடல் முடிவுக்கு எப்படிப் போவது? பன்றிகளில் குழாய் வைத்து அளந்தார்கள். மனிதர்களுக்கு வழி காட்டிய இடங்களில் ஒன்று பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். அடையாளமிட்ட நீரை ஊற்றி வளர்த்த பயறு, அடையாளமிட்ட தீவனம் தின்ற கோழியின் முட்டை. இவற்றை, செரிமானம் ஏற்கெனவே தெரிந்த வேறொரு அடையாளப் பொருளோடு சேர்த்துச் சாப்பிட வைத்து, ரத்தத்தில் இரண்டின் விகிதத்தைப் பார்க்கும் முறை.

2018லும் 2019லும் வந்த முடிவுகளில் முட்டை 90 சதவிகிதத்தை ஒட்டி நின்றது. தோலோடு வெந்த பாசிப்பயறு 60ஐ ஒட்டித்தான். அட்வாட்டர் பருப்புக்குக் கொடுத்த 78ஐ விட ரொம்பவே குறைவு. அதே பயறைத் தோல் நீக்கிப் பருப்பாக்கிக் கொடுத்தபோது எட்டு, பத்து புள்ளி ஏறியது.